குளிசையும் ஒரு அகப்பைச் சோறும்

போன கோடைகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. வந்த காரணம் உங்களுக்கு விளங்கும். கலியாண வயதில் பெட்டை இருக்கிற வீட்டுக்கு ஆரும் சும்மா தேத்தண்ணி குடிக்க வருவதில்லை. நான் மாமன்காரன் என்ற முறையில் சேர்ட் எல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

தங்கச்சி காலையிலேயே மருமகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள். "அவையள் இருக்கேக்க அந்தக் குளிசையளை வெளியில எடுக்காத பிள்ளை. போன பிறகு குடிக்கலாம்."

மருமகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் ஊர்க் கதை கதைத்துக்கொண்டிருக்க, அவள் குசினிக்குள் போய் ஒரு கிளாசில் தண்ணீரும் குளிசைப் போத்தலும் கொண்டுவந்து அவர்களுக்கு முன்னாலேயே மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றாக ஏழு குளிசைகள் போட்டுக் கரண்டியால் கலக்கினாள். அந்தக் குளிசை லேசில் முழுதாகக் கரையாது, சின்னச் சின்னத் துகள் மிதக்கும்.

"என்ன பிள்ளை, விற்றமினோ?" என்று வந்த அம்மா கேட்டா.

"இல்லை அன்ரி. எனக்குப் பிறவியிலேயே ஒரு வருத்தம் இருக்கு. அதுக்குத்தான்."

தங்கச்சியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. வடைத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருத்தத்தின் பெயர் பீனைல்கீற்றோனூரியா. வாய் உளுக்கிவிடும், ஆகவே எல்லோரையும் போல நானும் பி.கே.யு. என்றே எழுதுகிறேன். நோர்வேக்காரர் இதை 'ஃபொலிங்கின் நோய்' என்றும் சொல்வார்கள். முப்பது வருசத்துக்கு மேல் இந்த நகரத்தில் இருக்கிறேன். இப்படி ஒரு வருத்தம் உலகத்தில் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது இதே ஒஸ்லோவில்தான் என்று மருமகள் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவளின் சம்மதத்தோடு அந்தக் கதையை எழுதுகிறேன். இரண்டு இடங்களைத் தானே திருத்தியும் தந்தாள்.

1930களின் தொடக்கத்தில் போர்க்னி ஏகலான்ட் என்றொரு தாய் இருந்தா. மகள் லிவ் 1927இல் பிறந்தவள், மகன் தாக் 1930இல் பிறந்தவன். பிறக்கும்போது இரண்டும் நல்ல வடிவான பிள்ளைகள். ஆனால் லிவ் வளர வளரப் பேச்சு வரவில்லை, சில சொற்கள்தான் வந்தன. தாக் இன்னும் மோசம். நாலு வயதாகியும் நடக்கவில்லை, பேசவில்லை. இரண்டு பிள்ளைகளிலும் ஒரு விசித்திரமான மணம் இருந்தது. போர்க்னி டொக்டர் டொக்டராக ஏறி இறங்கினா. எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: பிள்ளைகள் இப்படித்தான், செய்ய ஒன்றுமில்லை.

எங்கட ஊரில் என்றால் இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். "போன பிறப்பில என்ன பாவம் செய்தமோ" என்று சொல்லி, பிள்ளையைப் பின்னறையில் வைத்திருப்பார்கள். ஆரும் வந்தால் கதவு சாத்தியிருக்கும். அப்படிச் சாத்தின கதவு ஒன்றை எங்கள் ஒழுங்கையிலேயே நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த அக்காவுக்கு என்ன வருத்தம் என்று இன்றுவரை ஆருக்கும் தெரியாது.

போர்க்னி அந்த மணத்தை விடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மணம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்? கடைசியாக 1934இல் அந்தத் தாய் தகப்பன் அஸ்பியோர்ன் ஃபொலிங்கிடம் வந்து சேர்ந்தார்கள். அப்போது அவர் ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிப் பேராசிரியர். வடக்கே துரொண்டலாக் பக்கத்துக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் துரொண்ட்ஹைமில் இரசாயனம் படித்து 1916இல் முடித்துவிட்டு, பிறகுதான் மருத்துவம் படித்து 1922இல் டொக்டரானவர். இது முக்கியம். வெறும் டொக்டராக மட்டும் இருந்திருந்தால் அவரும் மற்றவர்கள் சொன்னதையே சொல்லி அனுப்பியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளைச் சோதித்ததில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கமான சோதனை என்று சிறுநீரில் பெரிக் குளோரைட் துளிகளை விட்டுப் பார்த்தார். நீரிழிவுக்காரருக்கு கீற்றோன் இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் பார்க்கிற சோதனை அது. கீற்றோன் இருந்தால் செம்மண்ணிறமோ ஊதாவோ வரும், இல்லையென்றால் நிறம் மாறாது. லிவ்வின் சிறுநீர் கடும் பச்சையாகியது. தாக்கினதும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை மங்கிப் போனது. அப்படி ஒரு பச்சையை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மருந்துகளால் இருக்கலாம் என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒரு கிழமை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அப்போதும் பச்சைதான். பிறகு தொடங்கியது போத்தல் சுமக்கிற வேலை. அந்தப் பச்சைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க ஃபொலிங்குக்குக் கொஞ்ச நஞ்சமல்ல, 22 லீற்றர் சிறுநீர் தேவைப்பட்டது. நடக்கத் தெரியாத, சொன்னால் விளங்காத பிள்ளையிடமிருந்து அதைச் சேர்ப்பது என்ன பாடு என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர்க்னி சேர்த்துச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தா. மருத்துவ வரலாற்றில் ஃபொலிங்கின் பெயர் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போத்தல்களை நான் மறக்கமாட்டேன்.

கடைசியில் பிரிந்து வந்தது பீனைல்பைருவிக் அமிலம். சாதாரண மனிதரின் சிறுநீரில் அது இருப்பதில்லை. ஃபொலிங் அத்தோடு நிற்கவில்லை. ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த பராமரிப்பு நிலையங்களுக்குப் போய் மனவளர்ச்சி குன்றிய 430 பேரைச் சோதித்தார். இன்னும் எட்டுப் பேரின் சிறுநீர் பச்சையானது. லிவ்வையும் தாக்கையும் சேர்த்துப் பத்துப் பேர். 1934இலேயே கட்டுரை எழுதி வெளியிட்டார். மூளை வளராததற்கு உடம்பில் நடக்கிற ஒரு இரசாயனப் பிழை காரணமாகலாம் என்று ஒருவர் முதன்முதலாகக் காட்டினார். தெய்வக் குற்றமுமில்லை, தாய் கர்ப்பத்தில் பயந்ததுமில்லை.

லிவ்வுக்கும் தாக்குக்கும் இதனால் ஒரு பிரயோசனமும் கிடைக்கவில்லை. பெயர் கண்டுபிடித்தாயிற்று, மருந்து இல்லை. தாக் சிறுவயதிலேயே இறந்துபோனான்.

அதே 1934 யூன் முதலாம் திகதி நோர்வே பாராளுமன்றத்தின் ஒரு சட்டமும் வந்தது: மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பாதுகாவலரின் சம்மதத்தோடு கருத்தடை செய்யலாம் என்ற சட்டம். இதை நான் முதலில் வாசித்தபோது கதிரையை விட்டு எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றேன். ஒரு பக்கம் ஒரு மனுசன் பச்சை நிறத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறான். மறுபக்கம் அதே நகரத்தில் இப்படிப்பட்டவர்களின் வம்சத்தை நிறுத்துவது எப்படி என்று சட்டம் எழுதுகிறார்கள். நாசிகள் வந்து எழுதிய சட்டமல்ல இது. குவிஸ்லிங் ஆட்சி 1942இல் இதைவிடக் கொடிய ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் 1934 சட்டம் சனநாயக நோர்வேயின் சொந்தச் சட்டம். 1977 வரை அது இருந்தது. அதனால் அதிகம் அடிபட்டவர்களில் இந்த நாட்டின் நாடோடி மக்களான தாத்தர்களும் அடக்கம்.

லண்டனில் இருந்த லயனல் பென்ரோஸ் இதற்கு நல்ல பதில் கொடுத்தார். 1946இல் அவர் பேராசிரியராகப் பொறுப்பேற்று ஆற்றிய உரையே பி.கே.யு. பற்றியதுதான். இந்த நோயின் பரம்பரை அலகைக் காவுகிறவர்கள் சாதாரண சனத்தில் நூற்றுக்கு ஒருவராவது இருப்பார்கள், ஒரு சில பிள்ளைகள் பிறக்காமல் தடுக்க அத்தனை சுகதேகிகளையும் மலடாக்கப் போகிறீர்களா என்று கேட்டார். இன்றைய கணக்கில் ஐரோப்பாவில் காவிகள் இன்னும் அதிகம், ஏறத்தாழ அறுபது பேருக்கு ஒருவர். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, தெரியவும் தெரியாது. இரண்டு காவிகள் கலியாணம் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இனி என் தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன். மருமகள் பிறந்தது 1998இல். இங்கே பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று நாளில் குதிக்காலில் குத்தி, இரத்தத்தைத் தடித்த கடதாசியில் ஒற்றி எடுப்பார்கள். நாட்டின் எந்த மூலையில் பிறந்தாலும் அந்தக் கடதாசி ஒஸ்லோ றிக்ஸ்ஹொஸ்பித்தாலெத்துக்குத்தான் வரும். இப்படிக் கடதாசியில் இரத்தம் ஒற்றிப் பி.கே.யு. பார்க்கிற சோதனையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்கரான ரொபேர்ட் கத்ரி. அவருடைய மனைவியின் சகோதரியின் மகளுக்கு இதே வருத்தம், பதினைந்து மாதம் கழித்துக் கண்டுபிடித்தது பிந்திப் போயிற்று. நோர்வேயில் கனகாலம் இரண்டு நோய்களுக்குத்தான் இந்தச் சோதனை நடந்தது. 2012இல் 23 நோய்களாக்கினார்கள். பி.கே.யு. மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு கை விரலில் எண்ணக்கூடிய பிள்ளைகள். அந்த வருசத்து விரல்களில் ஒன்று எங்கள் வீட்டில்.

தொலைபேசி வந்தபோது பிள்ளைக்கு ஒரு கிழமைகூட ஆகவில்லை. தங்கச்சியும் மச்சானும் சொந்த மச்சான் மச்சாள். செய்தி தெரிந்த அன்றிரவே ஊரிலிருந்து, கனடாவிலிருந்து எல்லாம் தீர்ப்பு வந்துவிட்டது: "சொந்தத்துக்குள்ள கட்டாதேங்கோ எண்டு சொன்னனாங்கள்தானே!" சொந்தத்துக்குள் கட்டினால் ஒரே அலகு இரண்டு பக்கமும் சந்திக்கிற வாய்ப்புக் கூடத்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பிள்ளை கையில் இருக்கிற தாய்க்கு அன்றிரவு சொல்ல வேண்டிய வார்த்தையா அது? அத்தோடு, இங்கே இந்த வருத்தத்தோடு பிறக்கிற நோர்வேப் பிள்ளைகளின் தாய் தகப்பன் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாதவர்கள்.

தங்கச்சி அன்று முடிவெடுத்தாள், ஒருவருக்கும் சொல்வதில்லை என்று. இருபத்தேழு வருசமாக அந்த முடிவில்தான் இருந்தாள்.

வருத்தம் என்ன என்பதை எனக்கு விளங்கப்படுத்திய டொக்டர் படம் கீறிக் காட்டினார். எனக்கு விளங்கியது வேறு மாதிரி. 1988இல் வந்த புதிதில் வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இதை வாசிக்கிற பலரும் செய்திருப்பீர்கள். பட்டியில் மீன் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் வெட்ட வேண்டும், அடுத்தவர் முள் எடுக்க வேண்டும். வெட்டுகிறவர் வராவிட்டால் மீன் குவியும். குவிந்து நிலத்தில் விழும், நாறும். அடுத்தவருக்கோ வேலை இல்லை. பீனைல்அலனின் என்பது நாங்கள் சாப்பிடுகிற புரதம் எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு அமினோ அமிலம். ஈரலில் ஒரு நொதியம் அதை வெட்டித் தைரோசின் ஆக்க வேண்டும். அந்த நொதியம்தான் மருமகளுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. குவிகிற பீனைல்அலனின் வளருகிற மூளையைக் கெடுக்கும். அந்த மணமும் குவிந்ததன் மணம்தான்.

அப்போ பட்டியில் மீனைக் குறைத்தால்? இதைச் செய்து காட்டியது இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் சிறுவர் ஆஸ்பத்திரியில். அங்கேயும் ஒரு தாய். ஷீலா என்ற பதினேழு மாதப் பிள்ளையின் தாய் காலைகளில் ஹோர்ஸ்ட் பிக்கலின் ஆய்வுகூட வாசலில் வந்து நின்று, "மருந்து எங்கே?" என்று கேட்டா. வருத்தத்தைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம், மருந்து தாருங்கள் என்று. பிக்கலும் கூட்டாளிகளும் லண்டனில் இருந்த லூயி வூல்பின் யோசனையைக் கேட்டு, பாற் புரதத்தை உடைத்து, கரியில் வடித்து, பீனைல்அலனினை நீக்கிய ஒரு உணவு தயாரித்தார்கள். சில மாதங்களில் ஷீலா தவழ்ந்தாள், எழும்பி நிற்கப் பழகினாள். 1953இல் அதை வெளியிட்டார்கள். உண்மையில் உணவால்தான் திருந்தினாளா என்று பார்க்க, தாய்க்குச் சொல்லாமல் அவளின் உணவில் பீனைல்அலனினைத் திரும்பக் கலந்தும் பார்த்தார்கள். சில நாட்களில் பிள்ளை பழைய நிலைக்கு இறங்கியது. இன்று இப்படிச் செய்ய விடமாட்டார்கள்.

அந்த உணவின் பேரப்பிள்ளைதான் மருமகள் குடித்து வளர்ந்த மா. நோர்வேயில் அது நீலச் சீட்டில், அதாவது அரசாங்கம் பெரும்பகுதி காசு கொடுக்கிற மருந்துச் சீட்டில் கிடைக்கும். மணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் ஒருமுறை வீரம் காட்டி ஒரு வாய் குடித்தேன்.

மீதிச் சாப்பாடு? இங்கேதான் தமிழ் வீட்டுக்கு இடி. ஒரு கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம் பீனைல்அலனின். மருமகளுக்கு ஒரு நாளைக்கு அனுமதி 300 மில்லிகிராம். நூறு கிராம் மீனில் மட்டுமே ஏறத்தாழ ஆயிரம் இருக்கும். ஆகவே மீன், இறைச்சி, முட்டை, பால், பருப்பு, உழுந்து, கச்சான் எல்லாம் போச்சு. நூறு கிராம் சோற்றில்கூட 120, 130 வரும். தங்கச்சி சின்னத் தராசில் சோறு நிறுத்துப் போடுவாள். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் பெப்சி மக்ஸ் போத்தலின் பின்பக்கம் பார்த்திருக்கிறீர்களா? பீனைல்அலனின் இருக்கிறது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். சீனிக்குப் பதிலாகப் போடுகிற அஸ்பார்ட்டேமிலிருந்து வருவது. எங்கள் ஆட்களில் அந்த வரியை வாசிக்கிற ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

2001இல் அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் நின்றா. பேத்திக்கு மூன்று வயது. "பிள்ளை எலும்பும் தோலுமாக் கிடக்கு" என்று ஆருக்கும் தெரியாமல் மீன்குழம்பும் சோறும் குழைத்துத் தீத்தியிருக்கிறா. விரலில் குத்தித் தபாலில் அனுப்புகிற இரத்தத்தில் அளவு எகிறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விசாரித்தபோது அம்மா ஒப்புக்கொண்டு, பிறகு அழத் தொடங்கினா. "ஒரு வாய் சோறு எப்பிடியடா நஞ்சாகும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. பட்டினி கிடந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மனுசிக்கு மீன் தொழிற்சாலைக் கதை சொல்லி என்ன பிரயோசனம்?

இனிக் குளிசை. வெட்டுகிறவருக்குக் கத்தி வேணும் அல்லவா? அந்த ஈரல் நொதியத்துக்கும் ஒரு கத்தி இருக்கிறது, பி.எச்.4 என்று சுருக்கமாகச் சொல்வார்கள், எங்கள் உடம்பே செய்கிற பொருள். சில நோயாளிகளுக்குக் கூடுதலாக அந்தக் கத்தியைக் கொடுத்தால் அரைகுறை நொதியமும் கொஞ்சம் வேலை செய்கிறது என்று 1999இல் ஜப்பானில் ஷிகெயோ குரேயும் கூட்டாளிகளும் கண்டார்கள். அதைச் செயற்கையாகச் செய்த சப்ரொப்ரெரின் என்ற மருந்துக்கு, குவான் என்ற பெயரில், 2007 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒரு வருசம் கழித்து ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. போர்க்னியின் போத்தல்களிலிருந்து இந்தக் குளிசை வர எழுபத்துமூன்று வருசம்.

ஆனால் வெட்டுகிறவரே இல்லையென்றால் எத்தனை கத்தி கொடுத்தும் பயனில்லை. நோயாளிகளில் சிறு பகுதியினருக்குத்தான் இது வேலை செய்யும். ஆகவே முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள், இரத்தத்தில் அளவு முப்பது வீதமாவது இறங்க வேண்டும். மருமகளுக்குப் பன்னிரண்டு வயதில் பார்த்தார்கள். முடிவு வரும்வரை தங்கச்சி நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள், மச்சான் பல்கனியில் சிகரெட்டாக ஊதித் தள்ளினான். இறங்கியது. பெரிதாக இல்லை, ஆனாலும் முப்பதைத் தாண்டியது. கொஞ்சம் கொஞ்சமாக அனுமதியை 300இலிருந்து 500 ஆக்கினார்கள்.

சாதாரண ஆளுக்கு இது ஒரு இலக்கம். தங்கச்சி தராசில் வைத்துப் பார்த்தாள்: நாளைக்கு ஒரு அகப்பைச் சோறு கூட. எங்கள் வீட்டில் அந்த மருந்தை நாங்கள் அளந்தது மில்லிகிராமில் அல்ல.

இப்போது வேறு மருந்துகளும் வந்துவிட்டன. 2019இலிருந்து ஐரோப்பாவில் தினமும் போடுகிற ஊசி ஒன்று, 2025இல் செபியப்ரெரின் என்று இன்னொரு மருந்து. ஒன்றும் வருத்தத்தை மாற்றுவதில்லை. மருமகள் பிள்ளை பெற நினைத்தால் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இரத்த அளவை மிகக் கீழே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு. அதனால்தான் அவள் அன்று மேசையில் கிளாசை வைத்தாளாம். "மாமா, கட்டப்போறவனுக்கு இது தெரியாமல் இருக்கேலாது. மறைக்கிறது அம்மாவுக்குப் பழக்கம், எனக்கு ஏலாது." நோர்வே மொழியில் சொன்னாள், நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று இரண்டு கிழமை கழித்துச் சொல்லியனுப்பினார்கள். சாதகம் ஒருவரும் கேட்டு வாங்கவே இல்லை என்பது வேறு கதை.

தங்கச்சி கொஞ்ச நாள் மகளோடு கதைக்கவில்லை. போன மாதம் அவர்கள் வீட்டில் ஒரு சின்னக் கொண்டாட்டம், ஏழெட்டுக் குடும்பங்கள். சாப்பாட்டு நேரம் பார்த்தால், இவ்வளவு நாளும் குசினி லாச்சிக்குள் ஒளிந்திருந்த தராசு மேசையில், சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மனுசி ஒருத்தி இது என்னத்துக்கு என்று கேட்க, தங்கச்சி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.